கை பிரேக்கில் கட்டிய துணி

என் வண்டியில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. அதற்கு மீசை வேறு.

நகரப் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் இரண்டாவது கூடத்தில் அந்தப் பேருந்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். பளபளவென்று பச்சை வண்ணம், டயருக்குக்கூடக் கறுப்புப் பூச்சு, சுற்றிலும் சிவப்புக் கயிறு. நெற்றியில் இருபத்தேழு என்ற எண். பெற்ற பிள்ளையைக்கூடக் கூட்டத்தில் தவறவிடுவேன், ஓட்டிய வண்டியைத் தவறவிட மாட்டேன். கதவுக் கைப்பிடி வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, உங்க சீட்டைப் பிடிச்சுட்டான் பாருங்க," என்றாள் நாத்தனார்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. இந்த வண்டியில் நான் டிரைவராக இருந்தபோது அவள்தான் கண்டக்டர். ஒரு குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேர் ஒரே வண்டியில் என்று பணிமனை முழுக்கச் சிரித்தது. 'நாத்தனார் எக்ஸ்பிரஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நாங்களும் சளைக்கவில்லை. ஓடுகிற வண்டியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொத்தி ஏறி, பின்வாசலிலிருந்து முன்வாசல்வரை மூச்சு விடாமல் டிக்கெட் கிழிப்பாள் அவள். இப்போது அப்படியில்லை. இடது முட்டிக்குக் கீழே இரும்புத் தகடு. ஒவ்வொரு அடிக்கும் தோள் ஒரு முறை இறங்கி ஏறும். படிக்கட்டு என்றால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் ஏறுவாள்.

நாங்கள் வந்ததே அவள் தயவில்தான். பழைய ஊழியர்கள் இன்றைக்கு வந்து பார்க்கலாம், கூடத் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. எனக்கு வரவில்லை. வாசலில் அவள் சட்டையில் 'முன்னாள் ஊழியர்' என்று ஒட்டிவிட்டு, என் தோளில் 'துணை' என்று ஒட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் துணை! போகட்டும் என்று விட்டேன். வந்த இடத்தில் ஸ்டிக்கருக்கெல்லாம் சண்டை போடுவானேன் என்று நினைத்தேன்.

முதல் கூடம் நன்றாகத்தான் இருந்தது. ஆள் உயரத்துக்கு முன்சக்கரம் வைத்த சைக்கிள், குதிரை இழுத்த டிராம், பழைய டிக்கெட் மெஷின்கள். டிக்கெட் மெஷினைக் கண்டதும் நாத்தனார் கண்ணாடியில் மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் மீசைப் பொம்மை. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதன் பிறகு பக்கத்திலிருந்த பலகையைப் படித்தேன்.

'தடம் 27 பேருந்து. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் சரிவுச் சாலையில் ஓட்டுநரின் கவனக்குறைவால் சுவரில் மோதி விபத்துக்குள்ளானது. உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் பணிமனையில் பாதுகாக்கப்பட்டு, தற்போது புதுப்பிக்கப்பட்டுள்ளது.'

பாதுகாக்கப்பட்டதாம். பணிமனையின் பின்பக்கம் செடி முளைத்து, ஜன்னல் உடைந்து, பூனை குட்டி போட்டுக் கிடந்தது அந்த வண்டி. எனக்குத் தெரியாதா? விபத்துக்குப் பிறகு என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு டயர் ஸ்டோரில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்த ஸ்டோர் ஜன்னல் வழியாக நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வண்டியைத்தான்.

ஆனால் என் ரத்தம் கொதித்தது 'பாதுகாக்கப்பட்டு' என்ற வார்த்தைக்கு இல்லை, இன்னொரு வார்த்தைக்கு. கவனக்குறைவு. அன்றைக்கு விசாரணை அறிக்கையில் எழுதிய அதே சொல். அந்த அறிக்கை எங்கேயாவது அலமாரியில் கரையான் அரித்துப் போயிருக்கும், அதோடு ஒழிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே அதை எழுத்தெழுத்தாகப் பெரிதாக்கி, விளக்குப் போட்டு, வருகிறவர் போகிறவர் படிக்கும்படி மாட்டியிருக்கிறார்கள். இதை இன்றைக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், நான் செத்த பிறகும் அதுதான் நான். எனக்கு ஆத்திரம் என்றால் அப்படியொரு ஆத்திரம்.

"விடுங்க அண்ணி. இத யாரு படிக்கப் போறா?" என்றாள் நாத்தனார். அவளுக்கே தெரியும், நான் விட மாட்டேன் என்று. அதனால் பேச்சை மாற்றினாள். "இங்க பாருங்க, உங்க கை துடைக்கற துணியைக்கூட விட்டு வைக்கல!"

பலகைக்கு அடுத்து ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஓர் அழுக்குத் துண்டுத் துணி. கிரீஸ் கறை ஏறி, காய்ந்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. கீழே ஒரு சீட்டு: 'ஓட்டுநர்கள் கை பிரேக்கில் கட்டி வைத்த அதிர்ஷ்டத் துணி. ஒவ்வொரு முடிச்சும் ஒரு வேண்டுதல் எனக் கருதப்படுகிறது.'

"வேண்டுதலா? நீங்க எதுக்கு அண்ணி வேண்டிக்கிட்டீங்க? நல்ல நாத்தனார் அமையணும்னா?" என்று கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை.

அந்தத் துணி என்னவென்று சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் டிரைவர்கள் கோளாறுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் ஃபோர்மேனை மேலே கேட்பார்கள். அதனால் எங்கள் ஃபோர்மேன் புத்தகத்தைத் தன் மேசை டிராயரில் பூட்டி வைத்திருப்பார். கேட்டால், "ஓட்டிட்டு வாப்பா, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்பார். சாயங்காலம் அவரே புத்தகத்தை எடுத்து 'சரி' என்று எழுதிக்கொள்வார். எழுத வழியில்லாத டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எந்தப் பாகம் கோளாறோ அதில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுவது. கியர் கம்பியில் கட்டினால் கியர் சரியில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டினால் ஸ்டியரிங். கை பிரேக்கில் கட்டினால் பிரேக். அடுத்து வரும் டிரைவரும் ஓட்டிப் பார்த்து, ஆமாம் என்றால் தன் பங்குக்கு ஒரு முடிச்சுப் போடுவார். முடிச்சு எண்ணினால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும். ஃபோர்மேன் பார்த்தால் கை துடைக்கும் துணி. கண்டக்டர்களுக்கும் அப்படித்தான். டிரைவர் சங்கதி டிரைவர்களோடு.

பெட்டிக்குள் கிடந்த துணியில் எத்தனை முடிச்சு என்று நான் எண்ணத் தேவையில்லை.

சிவப்புக் கயிற்றைத் தாண்டினேன். டிரைவர் கதவைத் திறந்தேன். அது கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு வழிக்கு வந்தது. பொம்மையின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். காற்றடைத்த மாதிரி லேசாக இருந்தது. தலை மட்டும் கழன்று கையோடு வந்துவிட்டது. இரண்டையும் கொண்டுபோய்ப் பயணிகள் பக்கம் முதல் இருக்கையில் உட்கார வைத்து, தலையை மடியில் வைத்தேன். அப்புறம் என் இடத்தில் உட்கார்ந்தேன். இருக்கைத் துணி புதிது. ஸ்டியரிங் அதே ஸ்டியரிங்தான்.

"அம்மா! யம்மா! இறங்குங்க! தொடக் கூடாதும்மா!" என்று காவலாளி ஓடி வந்தார்.

"இது நான் ஓட்டின வண்டி. அந்தப் பலகையைக் கழட்டுங்க, இறங்கறேன்."

"எனக்கு எதுக்கும்மா வம்பு? நான் இன்னிக்குத்தான் வேலைக்குச் சேந்தேன்."

"அப்ப உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க. உங்களோட எனக்குச் சண்டை இல்ல."

அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதற்குள் கயிற்றுக்கு வெளியே ஆள் சேர ஆரம்பித்துவிட்டது. சிலர் இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒருவர் செல்போனை நீட்டி, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா" என்றார். நான் முறைத்த முறைப்பில் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நாத்தனார் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பவள் இல்லை. பயணிகள் வாசல் படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். பொம்மைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணி இறங்க மாட்டாங்க," என்று காவலாளிக்கு அறிவித்தாள். "நானும் இறங்க மாட்டேன். ஏறினதுக்கே நாக்கு தள்ளுது."

அவள் என் பக்கம் வந்து உட்கார்ந்ததில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சில் முள் தைத்த மாதிரியும் இருந்தது. அவள் காலைச் சுவரில் நசுக்கியது நான் ஓட்டிய வண்டி.

அன்றைக்குச் சரிவுச் சாலையில் இறங்கும்போது பெடலை மிதித்தேன். கால் தரைவரை போயிற்று, வண்டி கேட்கவில்லை. கை பிரேக்கை இழுத்தேன், அது சும்மா கையோடு வந்தது. கீழே நாற்சந்தி, ஆள் மேல் ஆள். கியரைக் குறைத்து, வண்டியின் பக்கவாட்டைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரோடு உரசவிட்டு நிறுத்தினேன். வண்டியில் இருந்த நாற்பத்தொரு பயணிகளுக்கும் கீறல்கூட இல்லை. படிக்கட்டில் நின்றிருந்த ஒருவரை நாத்தனார் உள்ளே தள்ளிவிட்டாள், தன் காலை உள்ளே இழுக்க அவளுக்கு நேரம் போதவில்லை.

விசாரணையில் ஃபோர்மேன் புத்தகத்தைக் காட்டினார். வாரம் முழுக்க 'சரி'. எனக்கு முன்னால் மூன்று நாள் அந்த வண்டியை ஓட்டிய மூன்று டிரைவர்களும் தலையைக் குனிந்துகொண்டு, "எங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? தெரிந்தே ஓட்டினோம் என்று சொன்னால் வேலை போய்விடும். நான், "திடீர்னு பிடிக்காம போச்சு" என்றேன். விசாரணை அதிகாரி என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை எழுதினார்.

பொறுப்பாளர் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தாள், கையில் ஒரு ஃபைல். ஓடி வந்திருக்கிறாள், ஆனாலும் கத்தவில்லை. வாசல் படியில் நின்றுகொண்டு பேசினாள்.

"அம்மா, இது காட்சிப் பொருள். தயவுசெஞ்சு இறங்கி வாங்க. என்ன குறை இருந்தாலும் ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்."

"ஆபீஸ்ல உக்காந்து பேசித்தான் முப்பத்தொரு வருஷமா இந்தப் பேரோட இருக்கேன். இங்கயே பேசலாம்."

"எந்தப் பேரு?"

"பலகையில நீங்க எழுதி வச்சிருக்கீங்களே, அந்தப் பேரு."

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் தலையோடு உட்கார்ந்திருந்த பொம்மையைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அந்த டிரைவர் நீங்களா? ரெகார்டுல டிரைவர்னு மட்டும்தாம்மா இருந்துச்சு. அதனால நாங்க..."

"மீசையை நீங்களே வச்சுட்டீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டிருந்தால் எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிருக்கும். அவள் சிரிக்கவில்லை.

"பொம்மையை இன்னிக்கே எடுத்துடறேன். மன்னிச்சுக்கோங்க. ஆனா பலகையில இருக்கறது நாங்களா எழுதினது இல்ல. விசாரணை அறிக்கையில அப்படியே இருக்கு."

"அறிக்கை எழுதினவருக்கு பிரேக் பெடல் எங்க இருக்குன்னு தெரியாது. வண்டியில பிரேக் இல்ல. நான் என்ன கவனமா இருந்தா என்ன?"

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். எனக்கு ஏதாவது ஆதாரம் வேணும். வாய் வார்த்தைக்குப் பலகையை மாத்தினேன்னா நாளைக்கு இன்னொருத்தர் வந்து வேற சொல்லுவார், அப்பவும் மாத்தணும். ஒரு கடிதம், ஒரு குறிப்பு, ஏதாவது இருக்கா?"

அவள் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு எரிச்சல். அடாவடியாகப் பேசியிருந்தால் நானும் அடாவடியாக உட்கார்ந்திருப்பேன். பிறகு போலீஸ் வந்து இறக்கியிருக்கும். ஊருக்கெல்லாம் என் பக்கம் நியாயம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

ஆதாரம் எட்டடி தூரத்தில் இருந்தது. விளக்குப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அவர்களே எடுத்து வைத்திருந்தார்கள். அதன் அர்த்தம் தெரிந்த ஆள் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான். அந்த மூன்று டிரைவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. ஃபோர்மேனும் போய்ச் சேர்ந்தாயிற்று. நான் வாயைத் திறந்தால் என் பேர் கழுவப்படும். நான் வாயைத் திறந்தால் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கும் காது கேட்கும்.

"சொல்லுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "பிரேக் போனதை நான் பாத்தேனே. என்னைச் சாட்சி போடுங்க. காலைக் காட்டறேன், வேணும்னா போட்டோ எடுத்துக்கட்டும்."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஆதாரம் இருக்கு," என்றேன். "அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கு. அது அதிர்ஷ்டத் துணி இல்ல. வேண்டுதலும் இல்ல, வெங்காயமும் இல்ல. பிரேக் சரியில்லன்னு டிரைவருங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறதுக்குக் கட்டின துணி. புத்தகத்துல எழுத விட மாட்டாங்க. அதனால கை பிரேக்குல துணி. வண்டியை ஓட்டிப் பாத்து, கோளாறு உண்மைதான்னு தெரிஞ்சவன் ஆளுக்கு ஒரு முடிச்சுப் போடுவான். அந்தத் துணி அந்த வண்டியிலதான் கிடைச்சுது, இல்லையா?"

பொறுப்பாளர் ஃபைலைப் புரட்டினாள். "ஆமா. கை பிரேக்குல இருந்துதான் அவுத்தோம். துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஃபோட்டோ இருக்கு."

"அவ்வளவுதான். விபத்துக்கு முன்னாடியே பிரேக் போயிருந்துச்சு. மூணு பேருக்குத் தெரியும். ஃபோர்மேனுக்கும் வாயால சொன்னாங்க. அவர் காதுல வாங்கல. எழுதிக்கோங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. காவலாளிகூட, "அப்படிப் போடுங்க" என்றார், பிறகு பொறுப்பாளரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பொறுப்பாளர் தலையிலிருந்த கண்ணாடியை மூக்கில் இறக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். எனக்கு அவள் உதடு அசைவது தெரிந்தது. எண்ணுகிறாள்.

"நாலு இருக்கும்மா."

அவள் நிமிர்ந்து ஃபைலை மறுபடி புரட்டினாள்.

"மூணு டிரைவர்னு அறிக்கையிலயும் இருக்கு, நீங்களும் சொன்னீங்க. ஆனா முடிச்சு நாலு இருக்கு. நாலாவது யாரு போட்டது?"

கெட்டிக்காரப் பெண். அவள் வலை போட்டுப் பிடிக்கக் கேட்கவில்லை. பலகையில் சரியாக எழுத வேண்டும் என்று கேட்டாள். எனக்குப் பதில் வாயில் தயாராக இருந்தது. ராத்திரி வண்டியைக் கழுவ எடுத்த ஆள் போட்டது என்று சொல்லலாம். முதல் ஆளே இரண்டு போட்டான் என்று சொல்லலாம். யார் மறுக்கப் போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது எனக்கு ஃபோர்மேனின் கையெழுத்து நினைவுக்கு வந்தது. சரி, சரி, சரி. சாய்வாக, அழகாக எழுதுவார் மனிதர். அந்தப் பொய்யை அழிக்க இன்னொரு பொய்யா? அதற்கு நான் பேசாமல் அந்தப் பொம்மையின் மீசையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

"நான்," என்றேன்.

"எப்பம்மா?"

"அன்னிக்குக் காலைல. வண்டியைப் பணிமனைக்குள்ள ஒரு சுத்து ஓட்டிப் பாத்தேன். பெடல் பாதிவரைக்கும் போச்சு. இறங்கி முடிச்சுப் போட்டேன். போட்டுட்டு எடுத்துட்டுப் போனேன்."

எனக்கு முன்னால் கண்ணாடி, அதற்கு அப்பால் ஜனங்கள். எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்கலாம். பார்க்கவில்லை.

"தெரிஞ்சும் ஏம்மா எடுத்தீங்க?" பொறுப்பாளரின் குரல் தணிந்திருந்தது.

"வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம். அந்தப் பணிமனையில பொம்பளை டிரைவர் நான் ஒருத்திதான். முந்தின வாரம் ஸ்டியரிங் ஆடுதுன்னு ஒரு வண்டியை எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஃபோர்மேன் எல்லார் முன்னாடியும், 'வளையல் போட்ட கைக்கு வண்டி ஆடத்தான் செய்யும்'னார். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த மூணு பேரும் இதே பிரேக்கோட ஓட்டிட்டுத் திரும்பி வந்துட்டாங்க. நான் மட்டும் மாட்டேன்னா என்ன சொல்லுவாங்க? ஓட்டிக் காட்டறேன்டான்னு எடுத்தேன். இது கவனக்குறைவு இல்ல. நான் ரொம்பக் கவனமாத்தான் இருந்தேன். இது வீம்பு. என்மேல தப்பு இருக்கு, ஆனா நீங்க எழுதியிருக்கற தப்பு இல்ல. என் தப்பை நீங்க பெருசாவே எழுதுங்க. அதுக்குப் பக்கத்துல ஃபோர்மேன் தப்பையும், பூட்டி வச்ச புத்தகத்தையும், சரி சரின்னு எழுதினதையும் எழுதணும். என்னை மட்டும் தனியா நிக்க வச்சா இந்த சீட்டை விட்டு நான் இறங்க மாட்டேன். போலீஸ் வரட்டும், ராணுவமே வரட்டும்."

பின்னாலிருந்து சத்தம் வந்தது. ரொம்ப மெதுவான சத்தம்.

"நான் டிக்கெட் பையை எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

எனக்குப் புரிந்தது. நாலாவது முடிச்சைப் போட்டது எப்போது என்று கேட்கிறாள்.

"முன்னாடி," என்றேன்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஏறியிருக்க மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லல. கண்டக்டர் ஏறலன்னா வண்டி நின்னுடும்."

இப்போது திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் தினமும் சோறு கட்டிக்கொண்டு போனேன். அவள் துணியைத் துவைத்தேன். கால் கழுவிவிட்டேன். "எங்க அண்ணி மாதிரி உண்டா" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று போவேன். ஒவ்வொரு நாளும் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பி வருவேன். நான் வண்டிக்குப் பயந்ததில்லை, ஃபோர்மேனுக்குப் பயந்ததில்லை. அவளுக்குப் பயந்தேன். அதுதான் உண்மை.

அவள் எழுந்தாள். கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். காவலாளி கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். போகிறாள், வீட்டுக்குப் போகிறாள், இனி என் வாசல்படி மிதிக்க மாட்டாள் என்று நினைத்தேன். பின்னாலேயே ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. ஓடினால் அந்தப் பலகை அப்படியே நிற்கும்.

அவள் வாசல் பக்கம் போகவில்லை. தோள் இறங்கி ஏற, இறங்கி ஏற, வண்டியைச் சுற்றிக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எழுதும்மா," என்றாள் பொறுப்பாளரிடம். "இவ சொன்னதெல்லாம் எழுது. ஒண்ணு விடக் கூடாது. துணி, முடிச்சு, பூட்டி வச்ச புத்தகம், வளையல்னு சொன்ன வாய், எல்லாம். இவ தெரிஞ்சே எடுத்ததையும் எழுது. கண்டக்டர்கிட்ட சொல்லலன்னு எழுது. அதைப் பெரிய எழுத்துல போடு."

"அம்மா, புதுப் பலகை அச்சடிக்க ஒரு வாரம் ஆகும். மேல அனுமதியும் வாங்கணும்..."

"அதுவரைக்கும் இந்தப் பொய் தொங்குமா? பேப்பர் இருக்கில்ல? பேனா இருக்கில்ல? கையால எழுதி இதுமேல ஒட்டு. நான் கையெழுத்துப் போடறேன். அந்த வண்டிக் கண்டக்டர் நான். என்னை விட உனக்கு என்ன அனுமதி வேணும்?"

பொறுப்பாளர் அவளையும் என்னையும் பார்த்தாள். ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினாள். பலகையின் மேலேயே வைத்து எழுத ஆரம்பித்தாள்.

நான் கதவில் கை வைத்தேன். இறங்கி அவளிடம் போக வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும், என்னவென்று தெரியவில்லை.

"நீ உக்காரு," என்றாள் நாத்தனார் திரும்பாமலே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை நீங்கள் என்றே அழைத்தவள். "உன்கிட்ட நான் பேச வேண்டியது நிறைய இருக்கு. அது வீட்டுல. இவ எழுதி முடிக்கறதுக்கு முன்னாடி அந்த சீட்டை விட்டு இறங்கின, அப்புறம் இருக்கு உனக்கு."

நான் உட்கார்ந்தேன். கூட்டம் கலையவில்லை. சிலர் கண்ணாடிப் பெட்டிக்குப் போய் முடிச்சுகளை எண்ணினார்கள். செல்போன்காரர் மட்டும் போனை எடுக்காமல், அடிக்கடி அவள் காலையும் என் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கட்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பொறுப்பாளர் ஒவ்வொரு வரியாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டினாள். நாத்தனார் ஒரு இடத்தில், "'கேட்கவில்லை' இல்ல, 'காதில் வாங்கவில்லை'ன்னு எழுது" என்று திருத்தினாள். இரண்டாவது தாள் எடுக்க வேண்டியிருந்தது. காவலாளி எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பின்னால் வைத்தார்.

"உக்காருங்கம்மா. இவ்வளவு நேரம் நின்னா கால் வலிக்கும்."

"வலிக்கட்டும்," என்றாள் அவள். "அதையும் சேத்து எழுது."